முகமும் ஒரு மாதிரிதான்: அழகு மதிப்பெண்களைப் புள்ளியியலால் சோதிப்பது எப்படி

60 பேரிடம் 20 முகப்படங்களைக் காட்டி 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னால் 1,200 எண்கள் சேரும். அந்த 1,200-ஐயும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணி டி-சோதனையில் (சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் சோதனை) கொட்டினால் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே போய்விடும், மனசும் குளிரும். ஆனால் அந்த எண்கள் 1,200 சாட்சிகள் அல்ல. ஒரே ஆள் போட்ட 20 மதிப்பெண்கள் ஒன்றோடொன்று உறவுடையவை, ஒரே முகம் வாங்கிய 60 மதிப்பெண்களும் அப்படியே. முக அழகு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. எந்தச் சோதனை என்று தேடும் முன்பு, எதை எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி: ஒரு முகத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சமச்சீராக்கினால் அது கூடுதல் அழகாகத் தெரிகிறதா? சின்னக் கேள்விதான். ஆனால் படம் தயாரிப்பது முதல் முடிவு எழுதுவது வரை எல்லாச் சிக்கலும் இதில் உண்டு.

கருதுகோளை எழுதிவையுங்கள்

"சமச்சீர் அழகு" என்பது சோதிக்கக்கூடிய வாக்கியம் அல்ல. இப்படி எழுதுங்கள்: ஒரே முகத்தின் சமச்சீர் வடிவம் பெறும் சராசரி மதிப்பெண்ணிலிருந்து மூல வடிவத்தின் சராசரியைக் கழித்தால், முகங்கள் அனைத்துக்குமான சராசரி வேறுபாடு சுழியம். இதுதான் இன்மைக் கருதுகோள். மாற்றுக் கருதுகோள், வேறுபாடு சுழியம் அல்ல என்பது. இருபுறச் சோதனையே, அதாவது மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கில் எடுக்கும் சோதனையே, போதும். ஒருபுறச் சோதனை செய்தே தீர வேண்டுமென்றால் அதைத் தரவு வருமுன் தேதியோடு பதிவு செய்யுங்கள். பி-மதிப்பு 0.07 வந்த பிறகு ஒருபுறச் சோதனை நினைவுக்கு வந்தால் அது புள்ளியியல் ஆகாது.

முகங்கள் எங்கிருந்து வரும்?

இன்ஸ்டாகிராமிலிருந்தோ திருமணத் தகவல் தளத்திலிருந்தோ எடுக்காதீர்கள். அந்தப் படங்களுக்கு உரியவர் ஆய்வுக்குச் சம்மதம் தரவில்லை. ஃபில்டர், ஒளி, கோணம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஆய்வுக்கென்றே சம்மதத்தோடு எடுத்த தொகுப்புகள் இருக்கின்றன. ஃபேஸ் ரிசர்ச் லேப் லண்டன் தொகுப்பில் 102 பெரியவர்களின் முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்திலும் 189 புள்ளிகள் குறிக்கப்பட்ட வார்ப்பும், 2,513 பேர் 1 முதல் 7 வரை போட்ட அழகு மதிப்பெண்களும் கூடவே வரும். இந்திய முகங்கள் வேண்டுமென்றால் சிகாகோ முகத் தரவுத்தளத்தின் இந்தியப் பகுதியில் டெல்லியில் எடுத்த 142 பேரின் படங்கள் இருக்கின்றன. உரிம விதிகளைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

நீங்களே படம் எடுப்பதானால் கேமராவை 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி வையுங்கள். கைநீள தூரத்தில் செல்போனில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். உணர்ச்சி காட்டாத முகம், இரண்டு பக்கமும் சம ஒளி, பின்னால் வாரிய தலைமுடி. பொட்டு, விபூதி, மூக்குத்தி, கண்ணாடி எதுவும் வேண்டாம். மூக்குத்தியைக் கழற்றாமல் எடுத்த படத்தை அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு கலந்தால், அது இரண்டு பக்கமும் அரைகுறையாக மின்னும்.

இனி சமச்சீராக்கம். முகத்தை நடுவில் வெட்டி, இடப்பாதியை அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒட்டும் பழைய வழியைத் தொடவே தொடாதீர்கள். நடுக்கோடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூக்கு ஒரு படத்தில் அகலமாகவும் இன்னொன்றில் ஒடுங்கியும் போகும்; தலை சற்றே திரும்பியிருந்தால் முகமே விகாரமாகும். 1990-களில் இப்படிச் செய்த சில ஆய்வுகளில் மூல முகமே அழகு என்று விடை வந்தது. பிறகு முழு முகத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு கலந்து செய்த ஆய்வுகளில் சமச்சீர் முகம் முந்தியது. கேள்வி ஒன்றுதான், படம் செய்த விதம் விடையையே திருப்பிவிட்டது.

சைக்கோமார்ஃப் அல்லது வெப்மார்ஃப் மென்பொருளில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் எதிர்ப்பக்கப் புள்ளியின் பிம்பத்தோடு சராசரியாக்கி, வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். தோலின் நிறத்தையும் புள்ளிகளையும் மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். தோலையும் சேர்த்துக் கலந்தால் பருவும் தழும்பும் மங்கிச் சருமம் வழவழப்பாகும். அப்போது மதிப்பெண் ஏறினாலும், அது சமச்சீராலா வழவழப்பாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சந்தேகம் பழையது. பல முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த பிரான்சிஸ் கால்டன், கலவை முகம் தனி முகங்களைவிட லட்சணமாக இருப்பதை 1878-லேயே கவனித்தார். உளவியலாளர்கள் லாங்லாய்சும் ராக்மனும் 1990-இல் கணினியில் 32 முகங்கள் வரை கலந்து அதையே மதிப்பெண்ணாகக் காட்டியபோது, அடுத்த ஆண்டே எழுந்த ஆட்சேபம், கலக்கும்போது தோல் வழவழப்பாகிறதே என்பதுதான்.

அழகா, லட்சணமா, கவர்ச்சியா?

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது பலர் "கவர்ச்சி" என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குச் சினிமா போஸ்டர் வாசனை உண்டு. நடுத்தர வயதினர் சங்கடப்பட்டு எல்லாவற்றுக்கும் 2 போடுவார்கள். "லட்சணம்" உறுப்புகளின் பொருத்தத்தைப் பற்றியது. "களை" முகத்தின் பொலிவைச் சொல்வது. உணர்ச்சி காட்டாத முகத்துக்கு அது குறைவாகவே கிடைக்கும். பொதுக் கேள்விக்கு "இந்த முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது?" என்பதே பாதுகாப்பானது. 1-க்கு "கொஞ்சமும் அழகில்லை", 7-க்கு "மிகவும் அழகு" என இரு முனைகளிலும் பெயரிடுங்கள். எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே அளவுகோல். பாதிப்பேருக்கு ஆங்கிலத்திலும் பாதிப்பேருக்குத் தமிழிலும் கொடுத்தால் மொழி ஒரு புது மாறியாக நுழைந்துவிடும்.

முதலில் ஐந்து பயிற்சி முகங்கள் காட்டுங்கள், அவை கணக்கில் சேராது. அளவுகோலை எங்கே நிறுத்துவது என்று மதிப்பிடுபவருக்கு அதற்குள் பிடிபட்டுவிடும். பிறகு ஒவ்வொருவருக்கும் வரிசையைத் தனித்தனியாகக் குலுக்குங்கள். முந்தைய முகத்துக்குப் போட்ட மதிப்பெண் அடுத்ததைத் தன் பக்கம் இழுக்கும் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த ஒன்று. வரிசை எல்லோருக்கும் ஒன்றானால், அந்த இழுப்பு குறிப்பிட்ட சில முகங்களின் தலையில் விழும்.

ஒருவரே ஒரு முகத்தின் இரண்டு வடிவத்தையும் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் பத்தாவது படத்துக்குள் "ஓ, இதுதான் விஷயமா" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தவிர்க்க ஆட்களை இரு குழுவாக்கி, முதல் குழுவுக்கு ஒற்றை எண் முகங்களைச் சமச்சீராகவும் இரட்டை எண் முகங்களை மூலமாகவும் கொடுங்கள். இரண்டாம் குழுவுக்கு மாற்றிக் கொடுங்கள். எல்லோரும் இரண்டு வகையையும் பார்ப்பார்கள், ஆனால் எந்த முகத்தையும் இருமுறை பார்க்க மாட்டார்கள்.

எத்தனை முகம், எத்தனை பேர்?

ஆட்களைச் சேர்ப்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியாவது முகங்களைச் சேர்ப்பதில் காட்டுங்கள். ஒரே ஒரு ஜோடிப் படத்தை 5,000 பேருக்குக் காட்டினாலும், அந்த ஒரு முகத்தைப் பற்றித்தான் பேச முடியும். "முகங்கள்" என்று பன்மையில் எழுத உரிமை வேண்டுமானால் முகங்களும் மாதிரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முகத்துக்கு ஒரு வேறுபாடு என்று கணக்கிட்டு ஜோடி டி-சோதனை செய்தால், 5% மட்டத்தில் (பி 0.05-க்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளைத் தள்ளுவது), 80% திறனுக்கு (உண்மையான வேறுபாட்டை நூற்றில் 80 தடவை பிடிப்பது), விளைவின் அளவு (சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால், அதாவது சிதறலின் அளவால், வகுத்தது) 0.5 எனில் 34 முகங்கள் தேவை. 0.3 எனில் 90. 0.2 எனில் 199. ஜோடி இல்லாமல் வெவ்வேறு முகங்கள் கொண்ட இரு குழுக்களை ஒப்பிட்டால் 0.5-க்கே குழுவுக்கு 64 வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே முகத்தின் இரு வடிவங்கள் என்ற அமைப்பு இவ்வளவு மலிவாக வருவதற்குக் காரணம், முகத்துக்கு முகம் உள்ள பெரிய வேறுபாடு கழித்தலில் மறைந்துவிடுகிறது.

மதிப்பிடுபவர் எத்தனை பேர் என்பதற்கு, பலரின் சராசரி எவ்வளவு நிலையானது என்று கணக்கிடும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரம். எந்த இருவரின் மதிப்பெண்ணுக்கும் இடையே சராசரி ஒட்டுறவு (ஒருவர் உயர்த்திப் போடும்போது மற்றவரும் உயர்த்திப் போடும் அளவு) 0.3 என்றால், 5 பேரின் சராசரிக்கு நம்பகத்தன்மை 0.68, 10 பேருக்கு 0.81, 20 பேருக்கு 0.90. இங்கே ஒரு பொறி இருக்கிறது. "கிரான்பாக் ஆல்ஃபா 0.90, ஆகவே அழகில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள்; ஆல்ஃபா என்பது இந்த நம்பகத்தன்மையின் அளவுதான். இல்லை. இருவரை எடுத்தால் ஒட்டுறவு வெறும் 0.3 தான், 20 பேரின் சராசரி நிலையானது என்பதை மட்டுமே 0.90 சொல்கிறது. பொது ரசனையும் தனி ரசனையும் ஏறக்குறையச் சரிபாதி என்று 2006-இல் உளவியலாளர் ஹோனகாப் காட்டியதும் ஆட்களையும் முகங்களையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டதால்தான்.

கையால் ஒரு கணக்கு

சோதனைகளின் குணத்தை அறிய 10 முகங்கள் போதும். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை, எந்த ஆய்விலும் வந்தவை அல்ல. ஒவ்வொரு முகத்துக்கும் சமச்சீர் சராசரியிலிருந்து மூலச் சராசரியைக் கழித்தால்:

0.3, 0.5, −0.1, 0.4, 0.2, 0.6, −0.2, 0.1, 0.4, 0.3

சராசரி 0.25. திட்ட விலக்கம் 0.255. அதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.081. 0.25-ஐத் திட்டப் பிழையால் வகுத்தால் டி = 3.10. கட்டின்மைப் படி (முகங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9-க்கு 5% மட்டத்தில் அட்டவணை மதிப்பு 2.262; நம்முடையது அதைத் தாண்டுகிறது. பி-மதிப்பு சுமார் 0.013. 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு) 0.25 ± 0.18, அதாவது 0.07 முதல் 0.43 வரை.

7 படி அளவுகோல் வரிசை எண்தானே, சராசரி எடுக்கலாமா என்ற பழைய சண்டை இங்கே வரும். ஒரு முகத்துக்கு 20, 30 பேரின் சராசரி எடுத்த பிறகு கிடைக்கும் எண் ஏறக்குறையத் தொடர் எண்ணாகவே நடந்துகொள்ளும், டி-சோதனை தாங்கும். சந்தேகம் தீராவிட்டால் வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனை செய்யுங்கள். வேறுபாடுகளைக் குறி பாராமல் சிறியதிலிருந்து தரப்படுத்துங்கள். சமமானவை தரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். எதிர்க்குறி உள்ளவை −0.1-ம் −0.2-ம். அவற்றின் தரங்கள் 1.5, 3.5, கூடுதல் 5. ஜோடிகள் 10 என்றால் 5% மட்டத்தில் எல்லை 8. நம் கூடுதல் அதற்குள் இருப்பதால் இன்மைக் கருதுகோள் தள்ளுபடி, பி 0.02.

குறிச் சோதனை இன்னும் எளிது: 10-இல் 8 நேர்க்குறி. நாணயம் சுண்டினால் 8 அல்லது அதற்கு மேல், இருபுறமும் சேர்த்து, 1,024-இல் 112 தடவை வரும், பி 0.11. தள்ள முடியாது. தரவு ஒன்றேதான், ஆனால் குறிச் சோதனை 0.6-ஐயும் 0.1-ஐயும் ஒரே தராசில் வைத்துவிடுகிறது. தகவலை எறிந்ததற்கான விலை அது.

எனக்குப் பிடித்தது குறிமாற்றுச் சோதனை. சமச்சீர் எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்றால் ஒவ்வொரு வேறுபாட்டின் குறியும் தற்செயல்தான். 10 குறிகளை 1,024 விதமாக மாற்றலாம். நமக்குக் கிடைத்த கூடுதல் 2.5 அல்லது அதற்கு மேல் வர, எதிர்க்குறி பெறுபவற்றின் கூடுதல் 0.3-ஐத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்டவை 12 விதம், மறுபுறமும் 12. 1,024-இல் 24, அதாவது பி 0.023. அட்டவணை வேண்டாம், இயல்நிலைப் பரவல் என்ற அனுமானமும் வேண்டாம்.

இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டுச் சிறிய பி-மதிப்பைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பெயர் மோசடி. எது முதன்மைச் சோதனை என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில்

மேலே உள்ள கணக்கு முகங்களைப் பொதுமைப்படுத்துகிறது, ஆட்களை அல்ல. ஆள்வாரியாக வேறுபாடு எடுத்து டி-சோதனை செய்தால் நேர்மாறு. இரண்டையும் செய்து, இரண்டிலும் தேறினால்தான் பேசுவது என்பது பழைய நியாயமான வழி. இன்றைய வழி கலப்பு விளைவு மாதிரி, அதாவது ஆட்களின் ஏற்ற இறக்கத்தையும் முகங்களின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே கணக்கிடும் சமன்பாடு: புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எல்எம்இ4 தொகுப்பு, அல்லது சுட்டி வைத்துச் சொடுக்கவே விருப்பமென்றால் ஜமோவி.

தரவை நீள வடிவில் வையுங்கள்: ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரி, வரியில் ஆள் எண், முக எண், வடிவம், வரிசை எண், மதிப்பெண், எடுத்துக்கொண்ட நேரம். வடிவத்தை −0.5, +0.5 என்று குறியிடுங்கள். நிலையான விளைவாக வடிவம். தற்செயல் விளைவாக ஆளுக்கு ஒரு வெட்டும் (அவருடைய பொது மதிப்பெண் மட்டம்) ஒரு சாய்வும் (வடிவம் மாறும்போது அவருடைய மதிப்பெண் மாறும் அளவு), முகத்துக்கு ஒரு வெட்டும் ஒரு சாய்வும். சாய்வை விட்டுவிட்டு வெட்டை மட்டும் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சமச்சீர் சிலருக்குப் பிடித்துச் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், சில முகங்களுக்கு உதவிச் சிலவற்றைக் கெடுக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சாய்வு பிடிக்கிறது. அதை விட்டால் திட்டப் பிழை சுருங்கி, பழைய 1,200 சாட்சிகள் கதையே பின்வாசல் வழியாக வந்துவிடும். முகங்கள் குறைவாக இருந்து மென்பொருள் மாதிரிக்கு நிலையான விடை காண மறுத்தால், முதலில் வெட்டுக்கும் சாய்வுக்கும் இடையிலான ஒட்டுறவை நீக்குங்கள். சாய்வில் கைவைப்பது கடைசி வழி.

இரண்டு படங்களை அருகருகே வைத்து "எது அழகு?" என்று கேட்கும் முறையில் சிறு வேறுபாடும் தெரியும். ஒரே ஒரு ஜோடிக்கு 60 பேர் பதில் சொன்னால், ஈருறுப்புச் சோதனையில் (நாணயம் சுண்டுவதோடு ஒப்பிடும் சோதனை) 5% மட்டத்துக்கு 39 பேராவது ஒரு பக்கம் சாய வேண்டும், 38 போதாது. சமச்சீர் படத்தைப் பாதி நேரம் இடப்பக்கம் வையுங்கள். ஜோடிகள் பலவானால் இங்கும் கலப்பு மாதிரிதான், ஆனால் இதுவா அதுவா என்ற விடைக்கான லாஜிஸ்டிக் வடிவில்.

எதைத் தரவிலிருந்து நீக்குவது?

எல்லா முகத்துக்கும் ஒரே எண் போட்டவர், பெரும்பாலான படங்களுக்கு 300 மில்லிசெகண்டுக்குள் அழுத்தியவர், படத்தில் இருப்பவரை அடையாளம் கண்டவர். விதியை முன்பே எழுதுங்கள், ஓஎஸ்எஃப் என்ற ஆய்வுப் பதிவுத் தளத்தில் பதிவிடலாம். "என் கருதுகோளுக்கு எதிராக மதிப்பெண் போட்டவர்" என்பது நீக்கும் காரணம் ஆகாது. சிரிக்காதீர்கள், "வெளிக்கிடை மதிப்பு" (மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் எண்) என்ற கௌரவமான பெயரில் அதுதான் நடக்கிறது.

பல சோதனைகள், பல பொய்கள்

அழகு, நம்பகம், ஆரோக்கியம், இளமை, கம்பீரம் என்று ஐந்து குணம். ஆண் முகம், பெண் முகம். ஆண், பெண் மதிப்பிடுபவர். ஐந்தை நான்கால் பெருக்கினால் 20 சோதனைகள். ஒன்றிலும் உண்மை இல்லாவிட்டாலும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏதோ ஒன்று 5%-க்குள் விழும் வாய்ப்பு 64%. ஹோம் முறையில் திருத்துங்கள்: 20 பி-மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்கி, முதலாவதை 0.05-ஐ 20 ஆல் வகுத்ததோடும், இரண்டாவதை 19 ஆல் வகுத்ததோடும் ஒப்பிட்டுக்கொண்டே போய், முதல் தோல்வியில் நிறுத்துங்கள். தங்க விகிதம் 1.618 முகத்தில் ஒளிந்திருக்கிறது என்பவர்களின் ரகசியமும் இதுதான். நாற்பது விகிதம் அளந்தால் ஏதாவது ஒன்று அந்த எண்ணுக்கு அருகில் வந்து நிற்கும்.

வகைகளை எப்படி வெட்டுகிறோம் என்பதும் மறைமுகமான பல சோதனைதான். அழகான பெற்றோருக்குப் பெண் குழந்தை அதிகம் என்று 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. தரவில் அழகுக்கு ஐந்து படி இருந்தது; ஒப்பிட்டதோ உச்சப் படியினரை மற்ற நான்கு படியினரோடு. வேறு இடத்தில் வெட்டியிருந்தால் விடை வேறாகியிருக்கும். புள்ளியியலாளர் கெல்மனும் சமூகவியலாளர் வீக்லீமும் 2009-இல் அதை அலசினார்கள். கூடவே ஓர் அமெரிக்க வார இதழின் "மிக அழகானவர்கள்" பட்டியலில் 1995 முதல் 2000 வரை இடம்பெற்றவர்களின் குழந்தைகளை எண்ணினார்கள்: 329 பேரில் பெண்கள் 157, அதாவது 47.7%. கட்டுரை சொன்னதற்கு மாறாக, பாதிக்கும் குறைவு.

இன்னொன்று. "பெண்களிடம் பி 0.03, ஆண்களிடம் 0.08, ஆகவே சமச்சீர் பெண்களுக்கு மட்டுமே பிடிக்கிறது." இந்த "ஆகவே" தவறு. 0.03-க்கும் 0.08-க்கும் இடையே பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பாலினத்துக்கும் வடிவத்துக்குமான இடைவினையை (வடிவத்தின் விளைவு பாலினத்தைப் பொறுத்து மாறுகிறதா என்பதை) மாதிரியில் சேர்த்து அதைத்தான் சோதிக்க வேண்டும்.

பி பெரிதாக வந்தால் "வித்தியாசம் இல்லை" என்றும் எழுதாதீர்கள். 7 படி அளவுகோலில் 0.2-க்குக் குறைவான வேறுபாடு பொருட்டல்ல என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், 90% நம்பிக்கை இடைவெளி முழுவதும் −0.2-க்கும் +0.2-க்கும் உள்ளே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மட்டுமே சமானம் என்று சொல்லலாம்.

முடிவை எழுதும் வடிவம், நம் கைக்கணக்கையே வைத்து: "10 முகங்களில் சமச்சீர் வடிவம் மூலத்தைவிடச் சராசரியாக 0.25 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது (95% நம்பிக்கை இடைவெளி 0.07 முதல் 0.43 வரை; ஜோடி டி-சோதனை, கட்டின்மைப் படி 9, டி = 3.10, பி = 0.013)." எத்தனை பேர் மதிப்பிட்டார்கள், எத்தனை பேர் எந்த விதியால் நீக்கப்பட்டார்கள், எந்த மொழியில் என்ன சொல்லால் கேட்டீர்கள் என்பதும் அடுத்த வரியில் வர வேண்டும். மதிப்பெண் தரவை ஆள் எண், முக எண்ணோடு பொதுவில் வெளியிடுங்கள். நீங்களே எடுத்த முகப்படங்களை, உரியவர் அதற்கென்று தனியாகக் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, வெளியிடாதீர்கள். எந்த முகம் கடைசி இடம் வாங்கியது என்பதை அந்த முகத்துக்கு உரியவர் பட்டியலில் கண்டுபிடிக்கும்படி ஒருபோதும் விடாதீர்கள்.